காத்தா, கரண்டா?

பொக்லைன் வாங்கிட்டியாமே கண்ணு? நல்லா இரு சாமி. மெசின் வந்த அன்னைக்கு ஊர் பூராவும் லட்டு குடுத்தியாம், எனக்கும் ரெண்டு வந்துச்சு. செரி. இப்ப அதை ஏத்திட்டுப் போக ட்ரெய்லர் வாங்கணும், அதுக்கு ஏர் பிரேக்கா, எலக்ட்ரிக் பிரேக்கான்னு தெரியாம தூக்கங்கெட்டுத் திரியறயாம். நடுச்சாமத்துல எந்திரிச்சு செல்போன்ல அமெரிக்காக்காரன் வீடியோவாப் பாக்கறயாம். உன்ற அம்மா வந்து அழுவுது. "மாமா, பையனுக்குக் காத்துக் கருப்பு ஏதாச்சும் அடிச்சிருச்சுங்களா?" காத்துதான் அம்மிணி, கருப்பில்லேன்னு சொல்லித் தாட்டி விட்டேன்.

உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. இப்பத்த பசங்களுக்குச் சாமான் வாங்கறது சோலியே இல்லை. சாமானைப் பத்தி நாயம் பேசறதுதான் சோலி. அந்த வீடியோல வர்றவனை நானும் பாத்தேன், என்ற பேரன் காட்டுனான். இஸ்திரி போட்ட சட்டை. நகத்துல கிரீஸ் இல்லை. பின்னாடி நிக்கற ட்ரெய்லர்ல ஒரு பொட்டு சேறு இல்லை. மண்ணள்ளற மெசினை ஏத்தற வண்டில மண்ணே இல்லைன்னா, அவன் எதை விக்கறான்னு உனக்கு ரோசனை வர வேண்டாமா?

போச்சாது. கேட்டதுக்கு வாரேன். ஆனா மொதல்ல நீ ஒண்ணு சொல்லு. ட்ரெய்லரை இழுக்கப் போறது எது?

பாத்தியா, முழிக்கறே! பின்னாடி சக்கரத்தைப் பத்தி அத்தனையும் படிச்சிருக்கே, முன்னாடி கட்டற வண்டியைப் பத்தி நெனைக்கவே இல்லை.

அமெரிக்காவுல என்னன்னா கண்ணு, ஊட்டுக்கு ஊடு பிக்கப்பு நிக்கும். நம்மூர்ல தக்காளிக் கூடை ஏத்தற ஒன்றரை டன் பிக்கப்பு இல்லை. 15 டன்னை இழுக்கற பிக்கப்பெல்லாம் அங்க இருக்குது. ஆனா அத்தாம் பெரிய பிக்கப்புக்கும் பிரேக்கு எண்ணெய் பிரேக்குதான். காத்து அடைக்கற கம்ப்ரஸர் அதுல கிடையாது. காத்தே இல்லாத வண்டிக்குப் பின்னாடி காத்து பிரேக்கு ட்ரெய்லரை எப்புடிக் கட்டுவே? வாயில ஊதுவியா? அதனால அவன் ஒரு ஒயரை இழுத்துட்டுப் போயி, பின் சக்கரத்துல காந்தத்தை வெச்சான். அவன்கிட்ட இருக்கற வண்டிக்கு அது ஏத்த வேலை. நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அதே ஊர்ல டிப்பர் லாரிக்குப் பின்னாடி மெசின் ட்ரெய்லர் கட்டறவன் காத்து பிரேக்குதான் கேக்கறான். அதைச் சொல்ற வீடியோ வர்றதுக்குள்ள உனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

காந்தம் வேலை செய்யற விதம் இருக்கே, அது கெட்டிக்காரத்தனம்தான். பிரேக் டிரம்முக்குள்ள ஒரு சின்ன மின்காந்தம். மிதிச்சா 12 வோல்ட் கரண்டு அதுக்குப் போகும். காந்தம் போயி, சுத்தற டிரம்மோட முகத்துல ஒட்டும். டிரம்மு சுத்தற சுத்துல காந்தத்தையும் கூடவே இழுக்கும். காந்தம் ஒரு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் லைனரை அகட்டி டிரம்மோட வெச்சு அழுத்தும். வண்டி ஓடற வேகத்தை வெச்சே வண்டியை நிறுத்தறான். மிதிச்ச மாத்திரத்துல பிடிக்கும். டேங்கு இல்லை, குழாய் இல்லை, எடை கம்மி. டிரைவருக்குப் பக்கத்துல கண்ட்ரோலர்னு ஒரு சின்னப் பொட்டி. சுமை எச்சா இருந்தா எச்சா, காலியாப் போனாக் கம்மியா, திருகி வெச்சுக்கலாம். அதுல ஒரு பிடி இருக்கும். ட்ரெய்லர் வாலாட்டுச்சுன்னா முன்வண்டி பிரேக்கைத் தொடாம, அந்தப் பிடியைத் தள்ளிப் பின்னாடியை மட்டும் இழுத்துப் பிடிச்சு நேராக்கலாம். நல்ல சாமான். யாரு இல்லைன்னா?

அதோட உட்டானா? இப்ப அந்தப் பொட்டியும் கண்ணுல படக்கூடாதாம். ப்ளூடூத்தாம். செல்போன்லயே பிரேக்கைத் திருகிக்கலாமாம். ஏஞ்சாமி, பின்னாடி பத்து டன்னு உருண்டு வந்துட்டிருக்கறப்ப உன்ற மச்சான் கூப்புட்டு, "மாப்ள, வர்றப்பக் கறி ஒரு கிலோ எடுத்தாந்துரு"ன்னா நீ எதைப் பாப்பே? பிரேக்கையா, கறியையா? உன்னை எனக்குத் தெரியும்.

செரி, நையாண்டி போகட்டும். காந்தத்துக்கு ஒரு கோளாறு உண்டு. கரண்டு வந்தாத்தான் அது பிடிக்கும். ஒயரு அறுந்தா? பிரேக்கு இல்லை. பிளக்கு சேத்துல ஊறித் துருப் பிடிச்சா? பிரேக்கு இருக்கும், ஆனா இருக்காது. காந்தம் ஒண்ணுக்குச் சுமாரா 3 ஆம்பியர் வேணும். ரெண்டு ஆக்ஸிலுக்கு நாலு காந்தம், 12 ஆம்பியர். நம்மாளு அதுக்கு மைக்செட்டு ஒயரை இழுத்து வெப்பான். நீளமான மெல்லிசு ஒயர்ல போறப்ப வோல்ட்டு வழிலயே கொறஞ்சு போகும். காந்தம் டிரம்மைச் சும்மா தடவிக் குடுத்துட்டு இருக்கும்.

கொக்கி கழண்டு ட்ரெய்லர் பிரிஞ்சே போச்சுன்னா? அதுக்கும் அவன் வழி வெச்சிருக்கான். ட்ரெய்லர் மேலயே ஒரு சின்ன பேட்டரி. ஒரு சுவிட்சு. சுவிட்சுல ஒரு பின்னு, பின்னுல ஒரு கம்பி, கம்பியோட மறுமுனை முன்வண்டில. ட்ரெய்லர் பிரிஞ்சு போற இழுப்புல பின்னு உருவிக்கும், பேட்டரி கரண்டு காந்தத்துக்குப் போகும். பிரிஞ்ச ட்ரெய்லரை 15 நிமிசமாச்சும் பிடிச்சு வெச்சிருக்கோணும்னு அந்த ஊர்ச் சட்டம். நல்ல சட்டம். ஆனா அந்த பேட்டரில சார்ஜ் இருக்குதான்னு பாக்கறது யாரு? டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தாம, முதுகுல தட்டித் தட்டியே ஆறு மாசம் ஓட்டறவன் நீ.

காத்தோட கதை வேற. 1869ல ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்னு ஒரு அமெரிக்காக்காரன் ரயிலுக்குக் காத்து பிரேக்குன்னு காப்புரிமை வாங்குனான். அவனோட மொத பிரேக்குல, காத்தை அனுப்புனாத்தான் பிடிக்கும். குழாய் அறுந்தா ஒண்ணுமில்லை. உன்ற காந்தத்துக்கு இருக்கற அதே நோவு. அவனுக்கே அது பிடிக்கலை. 1872ல அதைத் தலைகீழாத் திருப்பிப் போட்டான். குழாய்ல காத்து நெறஞ்சு நிக்கற வரைக்கும் பிரேக்கு விட்டிருக்கும். காத்து எறங்குச்சா, பிடிச்சுக்கும். ரயில் நடுவால அறுந்து பொட்டி தனியாப் போனாலும், தானா நிக்கும். ஒயரு அறுந்தா என்ன ஆகும், குழாய் அறுந்தா என்ன ஆகும்னு கேக்கோணும்ங்கறது நூத்தம்பது வருசத்துக்கு முந்தியே பேசி முடிச்ச நாயம் கண்ணு. நீ நேத்து ராத்திரி மறுக்காவும் ஆரம்பிச்சிருக்கே.

லாரி ட்ரெய்லருக்கு ரெண்டு குழாய் போகும். ஒண்ணுல எப்பவும் காத்து நிக்கும். இன்னொண்ணு, டிரைவர் மிதிக்கறப்ப மட்டும் சேதி சொல்லும். சக்கரத்துப் பக்கத்துல இருக்கற பிரேக் சேம்பருக்குள்ள தடிச்ச ஸ்பிரிங் ஒண்ணை அமுக்கி வெச்சிருப்பாங்க. அது ஒரு கடிநாய். காத்துதான் அதுக்குச் சங்கிலி. காத்து எறங்குனாச் சங்கிலி அவுந்துச்சுன்னு அர்த்தம், பாஞ்சு வந்து சக்கரத்தைக் கவ்விக்கும். கண்ணாடிக்கு முன்னால ஒக்காந்திருக்கற உனக்குப் புத்தி இருந்தாலும் கவ்வும், இல்லாட்டியும் கவ்வும். எனக்கு அந்தக் குணம்தான் பிடிச்சிருக்குது. ஆனா சேம்பரோட கிளாம்பைத் தெரியாத கையால மட்டும் கழட்டிராத. அமுங்கிக் கெடக்கற ஸ்பிரிங் வெளிய பாஞ்சா ஆளைக் கொன்னு போடும்.

பழைய ட்ரெய்லர் சிலதுல இந்த ஸ்பிரிங் இருக்காது. குழாய் அறுந்தா, ட்ரெய்லரோட சொந்த டேங்குல இருக்கற காத்தை வெச்சுத்தான் பிடிக்கும். அந்தக் காத்து கசிஞ்சு தீர்ற வரைக்கும்தான் பிடி. அப்பறம் சக்கரத்துக்குக் கல்லு வெக்காதவன் பாடு அதோகதி. பழசு பாக்கப் போனீன்னா, எல்லாரும் பண்றாப்பல பெயிண்டைத் தடவிப் பாத்துட்டு வந்துராத. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அடில குனிஞ்சு சேம்பரைப் பாரு. வேட்டி அழுக்காகும்னா, மண்ணள்ளற தொழில் உனக்கு எதுக்கு?

காத்துக்குக் கோளாறே இல்லைன்னு நான் சொல்லலை. காத்து சோம்பேறி. மிதிச்ச எடத்துல இருந்து பின் சக்கரத்துக்கு ஓடிப்போயிச் சேரோணுமில்ல? மணிக்கு 88 கிலோமீட்டர்ல போற வண்டி, அந்தத் தாமசத்துலயே ஒரு 10 மீட்டர் எச்சா ஓடிரும். காலைல சாவியைத் திருகுன உடனே கெளம்ப முடியாது, காத்து மீட்டர்ல முள்ளு ஏறோணும். அதுக்குள்ள ஒரு டீ குடிச்சிரலாம். நீ குடிக்க மாட்டே. நீ அதுக்குள்ள ஸ்டேட்டஸ் போடுவே. அமுக்குன காத்து ஆறுச்சுன்னா தண்ணி விடும். டேங்கு அடில இருக்கற வால்வை இழுத்து அதை வெளிய விடோணும். இப்ப ஏர் டிரையர்னு ஒண்ணு வருது, ஈரத்தை உறிஞ்சிக்கும். அது இருந்தும் டேங்குல தண்ணி வந்தா, டிரையரு செத்துப் போச்சுன்னு சேதி. லைனர் தேயத் தேய, எடைவெளியைச் சரி பண்ற ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பாக்கோணும். இதுல எதுக்கும் படிப்பு வேண்டாம். குனியற முதுகு இருந்தாப் போதும்.

குனிய மாட்டாத மகராசனுங்களும் இருக்காங்க. ராத்திரில குழாய் வெடிச்சா, ஒரு குச்சியைச் செதுக்கி ஆப்பு அடிச்சு, சேம்பர் ஸ்பிரிங்கைப் போல்ட்டு போட்டு இழுத்துக் கட்டி, ட்ரெய்லருக்குப் பிரேக்கே இல்லாம ஊடு வந்து சேந்து, "எப்புடி ஓட்டியாந்தேன் பாத்தீங்களா"ம்பாங்க. 2015ல நம்ம நாட்டுல, மிதிச்சாச் சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கற ஏபிஎஸ் பெரிய வண்டிகளுக்குக் கட்டாயம்னு கொண்டாந்தாங்க. குச்சிக்கு ஏபிஎஸ் எங்க வெக்கறது?

இப்ப நம்ம பக்கத்துக்கு வா. நீ இருக்கறது எங்க? சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு. லாரியும் ரிக் வண்டியும் பொறந்து வளந்த சீமை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏர் குழாய் வெடிச்சாலும் ஒரு பட்டறை தெறந்திருக்கும். இந்த ஏர் பிரேக்கு ஒண்ணும் கடல் தாண்டி வரோணும்னு இல்லை. சென்னைல பாடி இருக்குதில்ல, அங்க சுந்தரம் கிளேட்டன்னு கம்பெனி ஆரம்பிச்சது 1962ல. லாரிக்குக் காத்து பிரேக்கு பண்றதுக்குன்னே ஆரம்பிச்சது. உன்ற அப்பனே அப்பத்தான் டவுசர் போட்டிருப்பான். காந்தம் கெட்டுப் போனா என்ன பண்ணுவே? ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு, மெசினை ரோட்டுல நிறுத்திட்டு, கொரியர்காரன் எங்க வந்துட்டிருக்கான்னு செல்போன்ல பாத்துட்டு நிப்பே. அதுக்கு மேல இன்னொரு கூத்து. காந்தம் கேக்கறது 12 வோல்ட். இப்ப வர்ற பெரிய லாரிகள்ல பெரும்பாலும் 24 வோல்ட். நடுவால அதைக் கொறைக்க ஒரு பொட்டி, அந்தப் பொட்டிக்கு ஒரு பியூஸ், அந்த பியூஸுக்கு ஒரு சாமி படம்.

எடையைச் சொல்ல மறந்துட்டேன். உன்ற மெசின் என்ன எடை? தெரியாது. விலை தெரியும், தவணை தெரியும், கலர் தெரியும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க? மூணு டன்னு குட்டி மெசின்னா ட்ரெய்லரே எதுக்கு? டிப்பர்லயே ஏத்து. ஏழரை டன்னு ஜேசிபின்னா அதுக்கு நாலு டயரு இருக்குது, அதுவே ரோட்டுல போகும். 20 டன்னு செயின் மெசின்னாத்தான் லோபெட் ட்ரெய்லர் பேச்சே வருது. அந்த 20 டன்னோட லோபெட்டோட எடையையும் இழுவை வண்டியோட எடையையும் கூட்டிக்க. அப்பறம் ஆக்ஸிலுக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாரு. 2018ல அரசாங்கம் ஆக்ஸில் எடையைத் தளத்தி விட்டுச்சு. நாலு டயர் போட்ட ஒத்தை ஆக்ஸிலுக்கு 11.5 டன், ரெட்டை ஆக்ஸிலுக்கு 21 டன். அதுக்குள்ள அடங்குதான்னு பாத்துட்டு அப்பறம் பிரேக்குக்கு வா. அம்மாம் எடையை இழுக்க லாரிதான் வேணும். லாரின்னா அதுல காத்து இருக்குது. காத்து இருக்கற எடத்துல போயி ஒயரு இழுக்கறவனை என்னன்னு சொல்றது? பெரிய மனுசன்னு சொல்லிட்டுப் போயிரலாம்.

நம்ம தெருவுல வெல்டர் இருக்கான், அவனை வெச்சு அடிச்சுக்கலாம்னு நெனச்சிருந்தீன்னா அதையும் உட்ரு. ட்ரெய்லர் மாடலுக்கு ஒப்புதல் வேணும். ஒப்புதல் இருக்கற கம்பெனில வாங்குனாத்தான் நம்பர் ஏறும்.

இதுல எனக்குச் சிரிப்பு எங்க வருது தெரியுமா? நீ காத்தா கரண்டான்னு ராவும் பகலும் ரோசிக்கறே. உன்ற பெரியப்பன் கரும்பு ஏத்திட்டுப் போறானே, டிராக்டருக்குப் பின்னாடி ரெண்டு ட்ரெய்லரு, அதுல எந்த பிரேக்கு இருக்குதுன்னு என்னைக்காச்சும் பாத்தியா? எதுவும் இல்லை. டிராக்டர் நின்னா அதுவும் நிக்கோணும், அம்புட்டுத்தான். மேட்டுல நிறுத்துனா அஞ்சாறு கல்லு. பின்னாடி ஒரு சிவப்புச் சாக்கு கட்டித் தொங்க விட்டிருப்பான், அதுதான் லைட்டு. அவனைக் கேட்டா, "நாம எங்கீங்க வேகமாப் போறம்"பான். எறக்கத்துல கரும்புதான் வேகத்தை முடிவு பண்ணும், அவனல்ல.

எறக்கம்னதும் தொப்பூர் ஞாபகம் வருது. தருமபுரில இருந்து சேலம் வர்றப்ப கணவாய் எறங்கும் பாரு. அங்க எத்தனை வண்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்திருக்குது. கேட்டா, பிரேக்கு பிடிக்கலைம்பாங்க. பிரேக்கு என்ன பண்ணுச்சு பாவம்? மேல இருந்தே நியூட்ரல்ல போட்டுட்டு எறங்கறது. எதுக்கு? டீசல் மிச்சமாம். எவ்வளவு மிச்சம்? ஒரு பரோட்டாக் காசு இருக்குமா? அந்தக் காசுக்கு 40 டன்னைக் காலால பிடிச்சுட்டே எறங்கறான். கியர்ல போட்டிருந்தா இஞ்சினும் ஒரு பங்கு சுமையைப் பிடிச்சிருக்கும். நியூட்ரல்ல எல்லாத்தையும் லைனரே பிடிக்கோணும். டிரம்மு காயும். காஞ்ச இரும்பு விரிஞ்சு லைனரை விட்டு வெலகும். லைனரும் சூட்டுல வழுக்க ஆரம்பிக்கும். பிடிக்கலையேன்னு மறுக்கா மறுக்கா மிதிப்பான். ஒவ்வொரு மிதிக்கும் டேங்குல காத்து கொறையும். நியூட்ரல்ல இஞ்சின் மெதுவாச் சுத்தறதால கம்ப்ரஸரும் மெதுவாத்தான் ரொப்பும். செலவு எச்சா, வரவு கம்மி. பொகை வர்றப்பத்தான் அவனுக்கு ரோசனை வரும்.

அந்த எடத்துல உன்ற காந்தம் இருந்திருந்தா என்ன பண்ணியிருக்கும்? அதுவும் டிரம்மும் லைனரும்தானே? சூட்டுக்குக் காத்தும் ஒண்ணுதான், கரண்டும் ஒண்ணுதான். எந்தக் கியர்ல மேல ஏறுனயோ அந்தக் கியர்ல, இல்லை அதுக்குங் கொறஞ்ச கியர்ல எறங்கு. பொகைப் போக்கை அடைச்சு இஞ்சினையே பிடிக்க வெக்கற எக்ஸாஸ்ட் பிரேக்கு இருந்தா அதைப் போடு. கால் பிரேக்கு, கடைசியா வேணும்னா வெச்சுக்கலாம்ங்கறதுக்கு. இதை எந்த வீடியோலயாச்சும் சொன்னானா? சொல்ல மாட்டான். கியர் போடறதுக்குக் காசு கெடையாது, அதை எவன் விப்பான்?

அப்ப ஏர் பிரேக்குதான் மாமான்னு முடிவு பண்ணிட்டியா? சந்தோசம். அவசரப்பட்டு அட்வான்ஸ் குடுத்துராத. ட்ரெய்லரைக் கட்டச் சொல்லு, காத்து ஏத்தச் சொல்லு, நின்னு காதைக் குடுத்துக் கேளு, எங்கயாச்சும் உஸ்ஸுன்னு சத்தம் வருதான்னு. அப்பறம் அந்தக் காத்து நிக்கற குழாயைக் கையால கழட்டச் சொல்லு. சக்கரம் டப்புன்னு கவ்வுச்சுன்னா காசை எண்ணு. விக்கறவன், "அதெல்லாம் எதுக்குங்க, நம்ம கம்பெனி வண்டி"ன்னு மழுப்புனான்னா செருப்பைப் போட்டுட்டு எந்திரிச்சு வந்துரு. டீ வாங்கிக் குடுத்திருந்தாலும் வந்துரு.

ஆமா, டிரைவர் யாரைப் போட்டிருக்கே? அந்த மேக்கால வளவுப் பையனா? போன வருசம் தொப்பூர்ல வண்டியை நியூட்ரல்ல உருட்டிட்டு, ஒரு கைல செல்போனோட வந்தானே, அவனேதானா? சம்பளம் எவ்வளவு பேசியிருக்கே? கொறச்சலா இருக்குதேன்னு பாத்தேன். நாளைக்குக் காத்தால அவனை இங்க கூட்டிட்டு வா. நீ பெயிண்டு என்ன கலர்னு ரோசிச்சுட்டு இரு, பிரேக்கைப் பத்தி நான் அவங்கிட்டப் பேசிக்கறேன்.